ஜெர்மன் பெட்டியைக் கழுவுவது எப்படி

1

இது கதையாகப் பிறக்கவில்லை. வீட்டுக் குறிப்பாகப் பிறந்தது.

சென்னையிலிருந்து வரும் ஒரு பெண்கள் வாரப் பத்திரிகை என் கதைகளைத் தவறாமல் திருப்பி அனுப்பும். வீட்டுக் குறிப்புகளைத் தவறாமல் போட்டுக்கொள்ளும். வெங்காயம் நறுக்கும்போது கண் எரியாமலிருக்க வழி சொன்னவள் நான்தான். அதைச் செய்து பார்த்து நீங்கள் அழுதிருந்தால் பத்திரிகையைத் திட்டுங்கள். போன மாதம் 'ஃபாரின் சாமான்களைப் பராமரிப்பது' என்று ஒரு பகுதி தொடங்கினார்கள். உட்கார்ந்து எழுதினேன்: "காற்றில் ஈரம் கூட்டும் பெட்டி வைத்திருப்பவர்கள் அதன் தொட்டியை எலுமிச்சம்பழச் சாறு விட்டுத் தேய்த்து வெயிலில் வைக்கவும். ஏனென்றால்"

அங்கே நின்றுவிட்டது. 'ஏனென்றால்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு முழு வீடு நின்றுகொண்டிருந்தது. குறிப்புக்கு ஆறு வரிதான் இடம். வீடு அதில் அடங்காது.

ஆகவே கதை. தொடக்கம் தேடினேன்.

"அண்ணாமலையின் முகட்டில் மேகம் தவழ்ந்துகொண்டிருந்த அந்தக் காலைப் பொழுதில் [

விட்டுவிட்டேன். திருவண்ணாமலைக் கதை என்றால் மலை வர வேண்டும் என்று உதவி ஆசிரியர் ஒருமுறை எனக்கு அறிவுரை சொன்னார். அவர் இந்த ஊருக்கு வந்ததே இல்லை. மலை இருக்கிறது. எங்கும் போகவில்லை. மேலே எழுதலாம்.

"குசுமாவதி அம்மாள் இருமினாள்."

இது பரவாயில்லை. ஆனால் முதல் வரியில் இருமுகிறவர் கடைசி வரியில் செத்துப்போவார் என்று உங்களைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். அவள் சாக மாட்டாள். அதற்காகக் காத்திருப்பவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

2

எண்பத்து மூன்றாம் வருஷம் நான் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. பெரிய கோயிலுக்கு மேற்கே ஒரு தெருவில், பார்சுவநாத நயினார் வீட்டு மாடியில் குடியிருந்தேன். நயினார் ரிட்டையரான தாசில்தார். தாசில்தார்தான் ரிட்டையர் ஆனாரே ஒழிய, குரல் ஆகவில்லை. தமிழ்ச் சமணர், கீழ்பென்னாத்தூர் பக்கம் பரம்பரை நிலம். பொழுது சாய்ந்தபின் வாயில் ஒரு பருக்கை போட மாட்டார். கிணற்றுத் தண்ணீரை மூன்றாக மடித்த துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். வடிகட்டிய துணியில் ஒட்டியிருக்கும் சிற்றுயிர்கள் காய்ந்து செத்துவிடக் கூடாது என்று, துணியைக் கிணற்று நீரிலேயே அலசி அவற்றைத் திரும்ப விடுவார். இதைத் தினமும் தன் கையால் செய்தார். அது வேஷமில்லை. அவரை முழுசாக ஏளனம் செய்ய முடியாமல் என்னைத் தடுப்பது அந்தத் துணி ஒன்றுதான். இல்லாவிட்டால் இந்தக் கதை இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் மனைவி குசுமாவதி அம்மாள். ஐம்பதைத் தாண்டியவள். அதிகம் பேசாதவள், ஆனால் பேசாதவர்கள் எல்லாம் சாதுக்கள் என்று நினைப்பவர்களுக்கு அவளிடம் வேலையில்லை.

ஒரே மகன் குணபாலன், மேற்கு ஜெர்மனியில் இஞ்சினியர்.

(மரியாதையைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பேரையும் 'அவர்' என்று எழுதினால் யார் இருமுகிறார், யார் பேசுகிறார் என்று நீங்கள் குழம்புவீர்கள். நயினாரை 'அவன்' என்று எழுதிப் பார்த்தேன், பேனாவே கூசியது. அம்மாளை 'அவள்' என்று எழுதினேன், ஒன்றும் கூசவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன். கூசாதது என் பேனா மட்டும் இல்லை, படித்துக்கொண்டு வந்த நீங்களும்தான்.)

3

குணபாலன் அந்த வருஷம் பங்குனியில் லீவில் வந்தபோது பெட்டியைக் கொண்டுவந்தான். பார்க்கக் குக்கர் மாதிரி, வெள்ளை பிளாஸ்டிக். கீழே தண்ணீர்த் தொட்டி, நடுவில் மோட்டார், மேலே ஒரு வாய். சுவிட்சைப் போட்டால் அந்த வாய் வழியாக வெள்ளையாகப் பனி மாதிரி கிளம்பும்.

ஜெர்மனியில் குளிர்காலத்தில் வீடு முழுக்க ஹீட்டர் எரியுமாம். காற்று உலர்ந்து, மூக்கு வெடித்து, தொண்டை காய்ந்துபோகுமாம். அதற்கு மருந்து இந்தப் பெட்டி. எங்கள் தெருவில் யாரும் ஹீட்டர் எரிப்பதில்லை. ஐப்பசி வந்தால் சுவரில் அறைந்த ஆணியே வியர்க்கும் ஊர் இது. ஆனால் அம்மாவுக்கு லேசாக வறட்டு இருமல் இருந்தது, மகன் இஞ்சினியர், பெட்டி ஜெர்மன். அதற்கு மேல் யோசிக்க எங்கள் தெருவில் யாருக்கும் வழக்கமில்லை.

கிளம்பும்போது குணபாலன் சொல்லிவிட்டுத்தான் போனான்: "அப்பா, வாரத்துக்கு ஒருவாட்டி உள்ள வினிகர் ஊத்திக் கழுவணும். இல்லாட்டி பாசி பிடிச்சிக்கும்." நயினார் தலையாட்டினார். தாசில்தார்கள் தலையாட்டுவதற்கு என்ன அர்த்தம் என்று மனுக் கொடுத்தவர்களுக்குத் தெரியும்.

பெட்டி அவர்கள் படுக்கும் அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் ஏறியது. ஊர் பார்க்க வந்தது. அரிசி மில் அப்பாதுரை பனிக்குள் முகத்தை நீட்டி, கண்ணை மூடி நின்றார்.

"சில்லுனு இருக்குதே நயினார். ஏசியா இது?"

"ஏசி இல்ல. இது காத்துக்கு ஈரம் குடுக்கறது."

"காத்துக்கு எதுக்கு ஈரம்?"

நயினார் சற்று யோசித்தார். "ஜெர்மனில எல்லார் வீட்லயும் இருக்குது" என்றார். அப்பாதுரைக்கு அது போதுமானதாக இருந்தது.

4

நயினார் தினமும் காலையில் மூன்றாக மடித்த துணியில் தண்ணீரை வடிகட்டி, அதைப் பக்தியோடு பெட்டியில் ஊற்றினார். ஊற்றினார் என்றுதான் எழுதியிருக்கிறேன். பழைய தண்ணீரைக் கொட்டினார் என்று எழுதவில்லை, ஏனென்றால் கொட்டவில்லை. மேலே இன்று காலை வடிகட்டிய சுத்தமான தண்ணீர். கீழே சித்திரை மாதத்துத் தண்ணீர். அதற்கும் கீழே பங்குனி.

வைகாசியில் தொட்டியின் ஓரத்தில் கிணற்றின் உப்பு வெள்ளையாகப் படிந்தது. அதன்மேல் இளஞ்சிவப்பாக ஒரு வழுவழுப்பு. மாடிப்படி ஏறும்போது எனக்கு மூக்கில் அடிக்கும். மழையில் நனைந்து நாலு நாள் ஆன கோணிப்பை வாசனை. அந்தப் பனியைத்தான் அம்மாள் தினமும் சுவாசித்தாள்.

லேசாக இருந்த இருமல் ஜாஸ்தி ஆனது. பொழுது சாயும் நேரத்தில் குளிர்க் காய்ச்சல் வரும், மூச்சு இரைக்கும். டாக்டர் 'ஈஸ்னோபீலியா' என்றார். அந்த வருஷம் எங்கள் ஊரில் இருமிய எல்லாருக்கும் ஈஸ்னோபீலியாதான். மாத்திரை கொடுத்தார். மாத்திரை கேட்கவில்லை. "வறண்ட இருமலா இருக்குது" என்றார் டாக்டர்.

வறட்சி என்றால் ஈரம் போதவில்லை. நயினார் ஸ்டூலைக் கட்டிலின் தலைமாட்டுக்கே நகர்த்தினார். பெட்டியின் வாயை அவள் முகத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.

[இந்த இடத்தில் ஒரு பத்தி ஆத்திரத்தில் எழுதி, நீக்கியிருக்கிறேன். அவர் அன்பினால்தான் நகர்த்தினார். அதுதான் ஆத்திரமே.]

5

ஆனி மாதம் கிராமத்தில் தங்கை தர்மதேவியின் வீட்டுக்கு, சமணக் கோயிலான ஜினாலயத்தின் திருவிழாவுக்காக அம்மாள் போனாள். போன மூன்றாம் நாளே இருமல் நின்றது. கடலைக் கொல்லையில் வரப்பு வரப்பாக நடந்தாளாம். திரும்பி வந்த அன்று சாயங்காலமே குளிரும் இரைப்பும் வந்தன. ஒரு வாரம் பார்த்துவிட்டு மறுபடி தங்கை வீட்டுக்குப் போனாள்; மறுபடி நின்றது. வந்தாள், மறுபடி வந்தது.

ஒரு காலையில் நான் தண்ணீர் பிடிக்கக் கீழே இறங்கியபோது முற்றத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"ஏங்க, அந்தப் பெட்டிதாங்க எனக்கு ஒத்துக்கல. அதத் தேய்ச்சிக் கழுவித் தாங்க. இல்ல நிறுத்திடுங்க."

"அங்க நீ நடந்து வேலை செய்யறே. இங்க உக்காந்தே இருக்கே. அதான்."

"உள்ள பாசி புடிச்சிருக்குது. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சா போயிடும்."

நயினாரின் முகம் மாறியது. "பாசின்னா ஜீவன் குசுமா. புளிப்பு பட்டா அத்தனையும் செத்துரும். நம்ம வீட்ல இருந்துகிட்டு, தெரிஞ்சே அதச் செய்ய முடியுமா?"

"அது என் நெஞ்சுக்குள்ள போய்ச் சாகலாமா?"

கேள்வி அவர் காதில் விழவில்லை. முன்கட்டில் யாரோ பெட்டியைப் பார்க்க வந்திருந்தார்கள்.

6

என் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வருகிற இடம் இது.

ஆடி பௌர்ணமிக்குத் தங்கையின் ஊருக்குப் போன அம்மாள், ஜினாலயத்தில் ஒரு விரதம் எடுத்துக்கொண்டு வந்தாள். சமணர்கள் மழைக்காலம் நான்கு மாதமும் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்வது உண்டு. நடந்தால் உயிர்கள் மிதிபடும் என்பதால். அதில் தேசவிரதம் என்று ஒன்று. இவ்வளவு காலத்துக்கு இந்த எல்லையைத் தாண்ட மாட்டேன் என்று தனக்கே கோடு போட்டுக்கொள்வது. சிலர் ஊர் எல்லையைச் சொல்வார்கள். சிலர் தெருவை. அவள் சொன்ன எல்லை: சமையலறை, தாழ்வாரம், முற்றம், கிணற்றடி. தீபாவளி வரைக்கும்.

அறை எல்லைக்கு வெளியே இருந்தது.

நயினாரால் என்ன செய்ய முடியும்? விரதத்தை முறி என்று சொல்ல அவருக்கு வாய் இல்லை. மாறாக, பெருமை பிடிபடவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் "வீட்ல தேசவிரதம் எடுத்துருக்காங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டியைக் காட்டினார். அவள் தாழ்வாரத்தில் பாயை விரித்துப் படுத்தாள். ஆடி முடிவதற்குள் இருமல் நின்றுபோனது.

இது பக்தியா, தந்திரமா? நீங்கள் கேட்பதற்கு முன் நானே அவளிடம் கேட்டுவிட்டேன். பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் ஒண்ணா இருக்கக் கூடாதா டீச்சர்?" என்றாள். பிறகு, "விரதம்னா விரதந்தான். கோட்டத் தாண்ட மாட்டேன். அதுல வெளையாட்டு இல்ல" என்றாள்.

அவள் சொன்னது உண்மை என்பது புரட்டாசியில் தெரிந்தது.

7

புரட்டாசியில் மழை பிடித்தது. சுவர் ஊறியது, கதவுகள் உப்பிக்கொண்டு மூட மறுத்தன, என் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ்கூட நமத்துப்போனது. அந்த ஈரத்தில், மூடிய அறையில், தனியாகப் படுத்துக்கொண்டு நயினார் பெட்டியை ஓடவிட்டார். மகன் வாங்கிக் கொடுத்தது; பாராட்டியவர்கள் பார்க்க வருவார்கள்; நிறுத்தினால் என்னவென்று சொல்வது?

நான் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மாள் தாழ்வாரத்தின் கடைசிக் கல்லில் நின்றிருந்தாள். கால் விரல்கள் கல்லின் விளிம்பைப் பிடித்திருந்தன. அதற்கு அந்தப் பக்கம் கூடம், கூடத்தைத் தாண்டி அறை.

"ஏங்க" என்று கூப்பிட்டாள். உள்ளே இருமல் கேட்டது. நிற்காத இருமல். "ஏங்க, பேசுங்க."

இருமல்தான் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதுவரைக்கும் அந்த முகத்தில் பயத்தை நான் பார்த்ததில்லை. ஒரு கால் கல்லைவிட்டு எழும்பியது. அப்படியே அந்தரத்தில் நின்றது. திரும்பக் கல்லின்மேல் வந்தது.

"போய்ப் பாருங்க டீச்சர். சீக்கிரம்."

(ஒரு மனிதர் மூச்சுவிட முடியாமல் கிடக்கும்போது விரதம் பார்ப்பதா என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். சுளியுங்கள். அந்தக் கால் எவ்வளவு நேரம் அந்தரத்தில் நின்றது என்று நீங்கள் பார்க்கவில்லை. நான் வர இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் அவள் தாண்டியிருப்பாளா என்று அவளுக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் கஷ்டம் அவளுக்கு இல்லாமல் போனது என் பஸ் நேரத்துக்கு வந்ததால்.)

அறைக்குள் ஒரே பனி. நயினார் கம்பளியைச் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது. மூச்சு விசில் மாதிரி வந்தது. முதல் வேலையாகச் சுவிட்சை நிறுத்தினேன்.

"நிறுத்தாதீங்க டீச்சர்" என்றார். "தொண்டை வறண்டு கெடக்குது. ஈரம் வேணும்."

ஜன்னலைத் திறந்துவிட்டு டாக்டரைக் கூட்டி வந்தேன். ஊசி போட்டார். ஈஸ்னோபீலியா என்றார்.

8

பெட்டி ஓடாததால் காலையில் மூச்சு சீரானது. சீரானதும் அவர் செய்த முதல் காரியம் பெட்டிக்குத் தண்ணீர் வடிகட்டக் கிணற்றடிக்கு வந்தது. அம்மாள் அங்கே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி அப்புறம் எடுக்கலாம். பெட்டிய இங்க கொண்டாங்க" என்றாள்.

"எதுக்கு?"

"நான் அங்க வர முடியாது. நீங்கதான் கொண்டாரணும்."

நேற்றைய பயம் அவர் உடம்பில் இன்னும் மிச்சமிருந்திருக்க வேண்டும். கொண்டுவந்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சாமி சிலை மாதிரி. அவள் மேல்மூடியைக் கழற்றினாள். மோட்டாரைத் தூக்கித் தனியாக வைத்தாள். தொட்டியை அவர் பக்கமாகச் சாய்த்தாள்.

நான் இங்கே விவரமாக எழுத வேண்டும். எழுதினால் நீங்கள் இன்றைக்குச் சாப்பிட மாட்டீர்கள். சிவப்பும் கறுப்புமாக, தயிர் ஏடு மாதிரி கெட்டியாக ஒன்று அடியில் அசைந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நயினார் குந்தி உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் பார்த்தார்.

"இத்தனை ஜீவனா" என்றார், மெதுவாக.

"நீங்க வளத்ததுதான்" என்றாள் அவள்.

பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னாள்: "தெனமும் கொட்டிட்டுக் காய வெச்சிருந்தா ஒண்ணுமே பொறந்திருக்காதுங்க. பொறக்காதத யாரும் கொல்ல வேணாம். துணியில வடிகட்டத் தெரிஞ்ச உங்களுக்கு இது தெரியாதா?"

தொட்டியில் இருந்ததை கிணற்றடி வாழையின் நிழலில், ஈர மண்ணில் ஊற்றினாள். நாலைந்து முறை தண்ணீர் விட்டு அலசி, அதையும் அங்கேயே விட்டாள். தேங்காய் நாரால் தேய்த்தாள். கடைசியில் உப்புக் கறைக்கு எலுமிச்சம்பழத்தை நறுக்கி எடுத்தபோது அவரைப் பார்த்தாள். அவர் கையை நீட்டினார். பழத்தை வாங்கித் தானே தேய்த்தார். தேய்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். மன்னிப்பு மந்திரமாக இருக்கலாம். பாசியிடமா, அவளிடமா என்று எனக்குக் கேட்கவில்லை.

9

இங்கே முடித்திருந்தால் அவர் திருந்திய கதை ஆகியிருக்கும். மனிதர்கள் அவ்வளவு சீக்கிரம் கதைக்கு ஒத்துழைப்பதில்லை.

அடுத்த வாரமே அப்பாதுரையிடம் விளக்கிக்கொண்டிருந்தார்: "மில்லுக்காரரே, இதத் தெனமும் கொட்டிக் காய வெக்கணும். அப்பத்தான் உள்ள ஜீவன் பொறக்காது. நல்லா யோசிச்சிப் பாத்தேன். அதுதான் அகிம்சை."

"அதாங்க, நீங்க படிச்சவரு" என்றார் அப்பாதுரை.

தாழ்வாரத்தில் அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் வாயில் நான் ஒரு வசனம் வைத்தேன்: "யோசிச்சவ இங்க உக்காந்திருக்கேன். என் நெஞ்சு நாலு மாசம் [

அவள் அப்படிப் பேசவில்லை. கீரையைத்தான் ஆய்ந்தாள். முற்றின தண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

ஆனால் இதையும் எழுத வேண்டும்: அதன்பிறகு நயினார் தினமும் காலையில் பெட்டியைக் கிணற்றடிக்குக் கொண்டுவந்து கழற்றிக் கழுவினார். ஒரு நாளும் தவறவில்லை. பெட்டியை அநேகமாக ஓட்டுவதே இல்லை. கழுவுவது மட்டும் நடந்தது. அவள் பாத்திரம் துலக்குவாள், அவர் தொட்டி துலக்குவார். கல்யாணமான நாள் முதல் அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து செய்த ஒரே வேலை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

10

முடிவுகள்.

உதவி ஆசிரியருக்குப் பிடிக்கும் முடிவு: தீபாவளியன்று விரதம் முடிகிறது, வீடெல்லாம் விளக்கு, அவள் வெட்கத்தோடு அறைக்குள் நுழைகிறாள், பின்னணியில் மலை. வேண்டாம்.

மகனுக்குப் பிடிக்கும் முடிவு: அம்மா குணமாகி, பெட்டியை மெச்சுகிறாள். அவனுக்கு அப்படித்தான் தகவல் போயிருக்கிறது.

உங்களில் சிலருக்குப் பிடிக்கும் முடிவு: பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போடுகிறாள். அந்தத் தண்ணீரைத்தான் நானும் குடித்துக்கொண்டிருந்தேன். ஆகவே அதுவும் வேண்டாம்.

நடந்தது இது. தீபாவளி சமணர்களுக்கு மகாவீரர் முக்தி அடைந்த நாள். அன்றைக்கு விரதம் நிறைவேறியது. நயினார் அறைக்கு வெள்ளையடித்திருந்தார். கட்டிலுக்குப் புதுப் பாய். பெட்டியைப் பளபளவென்று துலக்கி, வடிகட்டிய தண்ணீர் நிரப்பி, ஸ்டூலோடு அவள் படுக்கும் பக்கத் தலைமாட்டில் வைத்திருந்தார். சுவிட்சைப் போடவில்லை. அவளாகப் போட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. பொழுது சாயுமுன் இருவரும் சாப்பிட்டார்கள். அவள் கை கழுவிவிட்டுத் தாழ்வாரத்தைத் தாண்டினாள். கூடத்தைத் தாண்டினாள். அறையின் நிலைப்படியில் வந்து நின்றாள்.

உள்ளே பார்த்தாள்.

"அதுல தண்ணி இருக்குதா?"

"இப்பத்தான் ஊத்தினேன். வடிகட்டின தண்ணி. ஒரு தூசி கெடையாது."

"கொட்டிடுங்க."

அவர் தொட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அவளைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போனார். வாழைக்கு ஊற்றினார். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் உதறினார். திரும்பி முற்றத்துக்கு வந்தபோது நிலைப்படியில் அவள் இல்லை.

அறைக்குள் போயிருக்கலாம். சமையலறை வழியாகத் தன் பாய்க்கே திரும்பிக்கொண்டிருக்கலாம். நான் மாடிப்படியில் நின்றிருந்தேன், எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அவளை எங்கே வைப்பது என்று அவளைக் கேட்காமலே முடிவு செய்கிறவர்கள் அந்த வீட்டில் ஏற்கெனவே போதுமான அளவு இருந்தார்கள். பேனாவோடு இன்னொருத்தி வேண்டாம்.

உங்களுக்கு அவசியம் தெரிந்தாக வேண்டும் என்றால் நீங்களே அவளை நகர்த்தி வையுங்கள், ஸ்டூலை நகர்த்துகிற மாதிரி. அதுவரைக்கும் அந்த மனிதர் ஈரத் தொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்திலேயே நிற்கட்டும்.